என் வாயால் வேண்டுமாம்

மார்ச் 4, செவ்வாய்

சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. பிளம்பர் வந்தார், போன மாதம் சொன்னதையே சொன்னார், அதே காசை வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகும் ஒழுகுகிறது.

நான் எழுதிய செய்தி பத்திரிகையில் வெளிவந்து ஒரு வாரம் ஆகிறது. அமைச்சர் இன்றைக்குத்தான் வாய் திறந்தார். "போலீசின் மத்தியப் பிரிவிடம் அப்படி ஒரு வசதியே கிடையாது. கற்பனை." நிருபர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன்.

கற்பனையாம். வானிலை பார்க்க, டார்ச் அடிக்க என்று நாம் போனில் போட்டு வைத்திருக்கும் சில்லறைச் செயலிகள் எல்லாம், நாம் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதை ஒரு தனியார் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மத்தியப் பிரிவு அதை மொத்தமாக விலைக்கு வாங்குகிறது. கோர்ட் உத்தரவு வேண்டாம், காசு இருந்தால் போதும். தீவிரவாதிகளைப் பிடிக்க என்று வாங்கினார்கள். அதை வைத்து ஒரு அதிகாரி என்ன செய்தார் என்றால், விவாகரத்து வாங்கிப் போன தன் பழைய மனைவி எங்கே போகிறாள், யார் வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்று தினமும் பார்த்தார். சக ஊழியர்கள் அவர் திரையைச் சுற்றி நின்று சிரித்தார்கள். இன்றைக்கு எங்கே போவாள் என்று பந்தயம் கட்டினார்கள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சகிக்காமல் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் யார் என்று நான் எங்கும் எழுதியதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

காலையில் பால் அடுப்பில் இருக்கும்போது மணி அடித்தது. மத்தியப் பிரிவு ஆட்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். தலைமை தாங்கியவருக்குப் பஞ்சு மாதிரிக் குரல். அதட்டல், மிரட்டல் எதுவும் கிடையாது. "மேடம், முதல்ல அடுப்பை அணைச்சிடுங்க. பொங்கிடும்." இனி இந்தக் குறிப்பில் அவர் பெயர் பஞ்சு.

சோதனை உத்தரவைக் காட்டினார், கையில் தரவில்லை. சீல் வைத்த உத்தரவாம், நகல் கிடையாதாம். என் போன், மடிக்கணினி, வீட்டுக்காரரின் போன், மகள் கல்யாணத்துக்கு முன் விட்டுப்போன உடைந்த போன் எல்லாம் பைக்குள் போயின. போனோடு இணைகிற எடை பார்க்கும் கருவியையும் ஒருவன் தூக்கினான்.

"அதுல என் எடை மட்டும்தான் இருக்கு தம்பி. அதுவும் பொய்," என்றார் வீட்டுக்காரர். அவன் சிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டான்.

என் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்கிற மாதிரி என் பக்கம் திரும்பிய பஞ்சு, சட்டென்று அதை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். முகத்தைக் காட்டினால் திறக்கும் என்ற நினைப்பு. நான் அந்த வசதியைப் போட்டுக்கொண்டதே இல்லை. திறக்கவில்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு அசட்டுக் களையாவது வரவேண்டுமே. இல்லை. "சாரி மேடம்" என்றார், வரிசையில் காலை மிதித்துவிட்டவர் சொல்கிற மாதிரி.

இந்த நோட்டையும் புரட்டினார். "பேப்பர் வேண்டாம்," என்று வைத்துவிட்டார். போகும்போது தண்ணீர் கேட்டுக் குடித்தார், டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அந்த டம்ளரை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

கை தானாகவே பைக்குள் போனைத் துழாவுகிறது. இல்லாத போன் தொடையில் அதிர்கிறது.

மார்ச் 10, திங்கள்

வக்கீலைப் பார்த்தேன். என் மகள் வயதுதான். மேசை முழுக்கக் கட்டுகள், நடுவில் பாதி கடித்த ஆப்பிள்.

"பாஸ்வேர்டு கேட்டாங்களா அக்கா?"

"கேட்டாங்க. மறந்துபோச்சுன்னேன்."

"மறந்துபோச்சுன்னு சொல்லாதீங்க. அது பொய் ஆயிடும். தரமாட்டேன்னு சொல்லுங்க. அது உரிமை."

முப்பது வருஷமாக நான் மற்றவர்களிடம் சொல்லி வந்த வித்தியாசம் அது. எனக்கு ஒருத்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

போனைத் திருப்பிக் கேட்டு மனு போடுகிறாள். எனக்குப் பெரிய கவலை இல்லை என்று அவளிடம் சொன்னேன். திறந்து பார்த்தாலும் அதில் ஒன்றும் கிடைக்காது. செய்தி தருகிற யாருடனும் நான் போனில் பேசுவதில்லை. பார்க்கப் போகும்போது போனை எடுத்துப்போவதும் இல்லை. அது பாட்டுக்கு ஆபீஸ் மேசையில் கிடக்கும், நான் பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். வருகிறவர்களுக்கும் அதையேதான் சொல்வேன்: போனை உங்கள் மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சின்னப் பிள்ளைகள் என்னென்னவோ ரகசியச் செயலிகளைச் சொல்கிறார்கள். என் முறையில் ஓட்டையே கிடையாது என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

ஆபீஸ். நான் காபி எடுக்கப் போனால் அங்கே பேச்சு நிற்கிறது. விளையாட்டுப் பக்கம் பார்ப்பவன் மட்டும் வழக்கம்போல. "அக்கா, உங்க பக்கத்துல உக்காந்தா என் போனையும் தூக்கிடுவாங்களா? தூக்கினா சந்தோஷம்தான். அதுல என் மாமியார் நம்பர் இருக்கு."

ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் பத்திரிகைச் சுதந்திரத்துக்காக எங்களுக்குக் கொடுத்த கேடயம். என் செய்திக்குக் கொடுத்ததுதான்.

"நிர்வாகம் கேக்குது மேடம். யார்னு எனக்கு மட்டும் சொல்லிட்டீங்கன்னா, நான் உங்களுக்காக நிப்பேன்."

"சொல்லலேன்னா?"

"அப்பவும் நிப்பேன். ஆனா எதுக்காக நிக்கிறேன்னு தெரியணும் இல்லையா?"

எவ்வளவு நயமான வாசகம். பஞ்சுவிடம் பாடம் கேட்டிருப்பாரோ. எழுந்து வந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் திரும்பக் கொண்டுவந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

ஜெயித்துவிட்டோம். பத்திரிகையாளர் வீட்டில் சீல் வைத்த உத்தரவோடு நுழைந்தது தவறு, எடுத்ததைத் திறக்காமல் திருப்பிக் கொடு என்று நீதிபதி சொல்லிவிட்டார். வக்கீல் வராந்தாவிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். ஆபீசில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டை ஆசிரியர்தான் ஊட்டினார். புகைப்படக்காரரை முன்கூட்டியே வரச்சொல்லியிருந்தார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அரசு வக்கீல் எதிர்த்து வாதாடவே இல்லை. "நீதிமன்றத்தின் விருப்பம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கோர்ட்டில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். இவர்கள் ஒரு பால்பாயிண்ட் பேனாவைக்கூடச் சண்டை போடாமல் திருப்பிக் கொடுத்ததில்லை.

மார்ச் 24, திங்கள்

பஞ்சுவே நேரில் வந்து கொடுத்தார். உறையில் சீல் அப்படியே இருந்தது.

"திறக்கவே இல்லை மேடம்."

"கோர்ட் சொன்னதாலயா?"

"தேவைப்படலை," என்றார்.

அந்த ஒரு வார்த்தையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன், சாயங்காலம் வரை.

மார்ச் 26, புதன்

மத்தியப் பிரிவின் தொழில்நுட்ப ஊழியர் ஒருவரைக் கைது செய்துவிட்டார்கள். எல்லா சேனலிலும் அதே காட்சி. நடுத்தர வயது, முழுக்கைச் சட்டை, மழை இல்லாத நாளில் கையில் மடக்கிய குடை. முகத்தை மூடிக்கொள்ளவில்லை. வேனில் ஏறும்போது குடையை வெளியே விட்டுவிடக் கூடாதே என்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

அரசு ரகசியத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்த குற்றமாம்.

இவரை எனக்குத் தெரியுமா? அந்தக் கேள்விக்கு இந்த நோட்டிலும் பதில் இல்லை. பேப்பர் வேண்டாம் என்று ஒரு தடவை விட்டுவிட்டார்கள். அடுத்த தடவை விடமாட்டார்கள்.

சாப்பிட உட்கார்ந்தேன். முடியவில்லை. வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு போய் மூடி வைத்தார். டிவியையும் அவர்தான் அணைத்தார்.

ஏப்ரல் 2, புதன்

சாட்சியாக விசாரிக்க மத்தியப் பிரிவுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். வக்கீலை உள்ளே விடவில்லை. புதுப் பெயிண்ட் வாசனை அடிக்கும் அறை. பஞ்சு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், ஏசி குளிர்கிறதா என்று கேட்டார்.

பிறகு தன் திரையை என் பக்கம் திருப்பினார்.

ஊர்ப் படம். அதில் ஒரு புள்ளி. "இது உங்க போன் மேடம். நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கு பாருங்க. கோர்ட், கேன்டீன், பிரஸ் மீட். இப்ப இந்த மத்தியானம் பாருங்க." புள்ளி என் ஆபீஸ் மேசையில் நின்றது. "ஆசிரியர் கூப்பிடுறார், நீங்க எடுக்கலை. வீட்ல இருந்து கூப்பிடுறாங்க, எடுக்கலை. போன் உயிரோட இருக்கு. ஆள் இல்லை. இந்த மாதிரி மத்தியானங்களை மட்டும் தனியா எடுத்தோம்."

இன்னொரு படம். அவர்கள் கட்டடம். சாப்பாட்டு வேளையில் புள்ளிகளெல்லாம் எறும்பு மாதிரி கேன்டீனுக்குப் போகின்றன. ஒன்று மட்டும் நகரவில்லை.

"அதே மத்தியானங்கள். ஒண்ணு விடாம. அந்தப் போனுக்கும் சம்சாரம் கூப்பிடுறாங்க, எடுக்கலை." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "போனைக் கையில வச்சிருந்தீங்கன்னா எங்களால கண்டுபிடிச்சிருக்கவே முடியாது மேடம். ஊர்ல எல்லாரும் போனோடதானே சுத்துறாங்க."

பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் போல அவர் முகம் மலர்ந்திருந்தது. என்னிடம் காட்டுவதில் அவருக்கு அவ்வளவு ஆசை.

எழுந்து கழிப்பறை எங்கே என்று கேட்டேன். வழி காட்ட ஒரு பெண் காவலரை அனுப்பினார், வாசலிலேயே நின்றாள்.

திரும்பி வந்ததும் விஷயத்துக்கு வந்தார். "இது இல்லாத வசதி. அமைச்சரே சொல்லியிருக்கார். அதனால இதைக் கோர்ட்ல காட்ட முடியாது. அவரும் வாய் திறக்க மாட்டேங்கறார். யார்னு எங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்க ஒரு தடவை உங்க வாயால சொல்லிட்டா போதும். அவருக்கு வேலை மட்டும்தான் போகும், ஜெயில் இல்லை. நான் கேரண்டி."

சீ.

திருடினவன், திருடின பொருளைக் கடையில் காட்ட முடியாமல், பில் மட்டும் நீ போட்டுக் கொடு என்கிறான்.

ஏப்ரல் 3, வியாழன்

போனை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்— அப்படி யாரிடமாவது நான் சொல்லியிருந்தால்—

அதற்கு மேல் எழுத முடியாது. எழுதக் கூடாது. பெருமையாம், பெருமை.

ஏப்ரல் 4, வெள்ளி

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதை அப்படியே செய்தியாக எழுதிவிடலாமே என்றும் கேட்டேன். அமைச்சர் இல்லை என்று சொன்ன வசதியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேனே.

அவள் தலையாட்டினாள். "எழுதுங்க அக்கா. 'என் போனும் அவர் போனும் ஒரே நேரத்துல சும்மா கிடந்துச்சு, அதை வச்சு அவரைப் பிடிச்சாங்க'ன்னு எழுதுங்க. அதுலயே அவர்தான்னு நீங்க ஒத்துக்கிட்டதா ஆயிடும். அதுக்குத்தான் உங்களுக்குக் காட்டியிருக்கான்."

வெறும் பெருமையில் காட்டினான் என்று நான் நினைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் கோர்ட் மனுச் சீட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம். குடைக்காரரின் மனைவி. தானே சொன்னாள்.

"நீங்க சொல்லிட்டீங்கன்னா வேலை மட்டும்தான் போகுமாம். சொல்லலேன்னா ஏழு வருஷமாம். என்கிட்ட அந்த ஆபீசர் ரொம்ப மரியாதையா பேசினார்."

மரியாதை. அந்த மரியாதைதான் எனக்குக் குமட்டுகிறது.

அவளிடம் நான் சொன்னதை எழுதி வைக்கிறேன். "உங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதும்மா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவரும் உங்களைத் தெரியாதுன்னுதான் சொல்றார். ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி." எழுந்தாள். "உங்களுக்கு என்ன, சொல்லலேன்னா பேப்பர்ல போட்டோவோட வரும். வீராங்கனைன்னு போடுவாங்க. என் பொண்ணு பள்ளிக்கூடம் போறதையே நிறுத்திட்டா, தெரியுமா?"

என் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "சொல்லிடட்டுமா?"

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "சொன்னா அவன் வாக்குக் காப்பாத்துவானா?"

"மாட்டான்."

"அப்புறம் என்ன கேள்வி இது?"

"காப்பாத்துவான்னா?"

அவர் போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அதை மடித்தோம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கோர்ட். பதில் சொல்ல மறுத்தால் உள்ளே போடலாம் என்பதால் வீட்டுக்காரர் ஒரு பை தயார் செய்திருந்தார். மாத்திரை, சால்வை, இரண்டு செட் துணி. மேலே ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம். "நேரம் போகணும்ல?"

குடைக்காரர் கூண்டில் நின்றார். இளைத்திருந்தார். குடையை வாங்கி வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். என்னை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவர் மனைவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தகவல் தந்தது இவரா?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"செய்தி தந்தவரைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன். இவர் என்றாலும் சொல்ல மாட்டேன், இவர் இல்லை என்றாலும் சொல்ல மாட்டேன்."

நீதிபதி எச்சரித்தார். மறுபடி சொன்னேன். குரல் நடுங்கியது, நடுங்கவில்லை என்று பத்திரிகையில் போடுவார்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரசு வக்கீலைப் பார்த்தார். "இந்த அம்மாவை அப்புறம் பார்ப்போம். இவர் சொல்லாமலேயே நீங்கள் அந்த மனிதரைக் கைது செய்திருக்கிறீர்களே. எதை வைத்து?"

"மூடிய உறையில் தருகிறோம்."

"உறையெல்லாம் போதும். திறந்த கோர்ட்டில் சொல்லுங்கள்."

மூன்று வாரம் அவகாசம் கேட்டார்கள். பஞ்சு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. சொன்னால் எப்படிப் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் வாழ்க்கையைக் கசக்கி எறிந்துவிட்டு, "வலியுறுத்தவில்லை" என்று ஒற்றை வார்த்தை.

குடைக்காரர் வெளியே வந்துவிட்டார். வேலை போய்விட்டது. பஞ்சுவுக்குப் பதவி உயர்வு. அந்தப் பழைய மனைவியைப் பின்தொடர்ந்த அதிகாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பெயர் இன்னும் அதே கதவில் இருக்கிறது.

அமைச்சரின் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "அப்படி ஒரு வசதி இல்லை என்றால், அவரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"அடுத்த கேள்வி," என்றார். அடுத்த கேள்வியை ஒருவன் கேட்டும்விட்டான். மேம்பாலத்தைப் பற்றி.

ஆசிரியர், ஜெயித்த கதையை ஒரு பக்கத்துக்கு எழுதச் சொன்னார். தலைப்பையும் அவரே யோசித்து வைத்திருந்தார். எழுத மாட்டேன் என்று சொன்னேன். என்ன ஜெயித்தோம்?

மே 27, செவ்வாய்

வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். "அக்கா, உங்களைப் பார்க்க ரெண்டு பேர். ஒருத்தரை டிவியில பார்த்த மாதிரி இருக்கு."

படி இறங்கும்போதே குடைக்காரரைத் தெரிந்தது. பட்டப்பகல், முன்வாசல். ஆபீஸ் மொத்தமும் எழுந்து கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தது.

அவர் எழுந்து நின்றார். "நீங்கதானே அந்த நிருபர்?" என்றார்.

"ஆமாங்க," என்றேன். "உக்காருங்க."

அவர் மனைவி உட்காரவில்லை. பஸ் ஸ்டாப்பில் பார்த்த முகம்தான், கொஞ்சம் தூங்கியிருந்தது. "நீங்க சொல்லாததால ரெண்டு மாசம் உள்ள இருந்தார். நீங்க சொல்லாததாலதான் வெளிய வந்தார்னும் சொல்றாங்க. உங்களைத் திட்டுறதா, கும்பிடுறதான்னு எனக்கு இன்னும் தெரியல." பக்கத்தில் இருந்தவரைக் கையால் காட்டினாள். "நீங்கதான் சொல்ல மாட்டீங்க. சரி. அவரே சொல்லட்டும்."

வக்கீலை வரவழைத்தேன். மறுபடி கைதாகலாம் என்று அவள் எச்சரித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நான் யாருக்கு எதைக் குடுத்தேன்னு கேக்காதீங்க. அதுக்குப் பதில் இல்லை," என்றார். "என்னை எப்படிப் பிடிச்சாங்கன்னு கேளுங்க. திரையில எனக்கும் காட்டினாங்க. நாள், நேரம், யார் யார் அந்த ரூம்ல இருந்தாங்க, எல்லாம் சொல்றேன். பேரோட போடுங்க."

நான் எழுத முடியாத அதே செய்தி. அவர் சொல்லலாம், அது அவருக்கு நடந்தது.

ஒலிப்பதிவுக் கருவியை அழுத்தி மேசை நடுவில் வைத்தேன். எப்போதும் முதலில் கேட்கிற கேள்விதான். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டேன்.

"உங்க முழுப் பேர் சொல்லுங்க."

சொன்னார். அப்பா பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிறுத்தி, நான் சரியாக எழுதிக்கொள்ளும்படி.